மாலையைக் கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்துவிட்டால் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு வட்டாரத்து டாஸ்மாக் கடைகளில் சில பழக்கமான முகங்களைக் காணமுடியாது. சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார்கள். தைப்பூசம் நெருங்கும்போது இன்னொரு கூட்டம் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பும். வருடக்கணக்கில் நாள் தவறாமல் குடித்தவர்கூட நாற்பத்தெட்டு நாள் தொடாமல் இருந்துவிடுவார். எந்த மருத்துவமனையிலும் சேரவில்லை, ஒரு மாத்திரை விழுங்கவில்லை. மாலையைக் கழற்றிய மறுநாள், சில சமயம் அன்று இரவே, பழைய இடத்தில் பழைய ஆட்களோடு உட்கார்ந்திருப்பார்.

"அத்தன நாள் இருக்க முடியுதல்லங்க, அப்பறம் என்ன கேடு?" என்று வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. போதை மீட்பு மையம் நடத்துகிறவர்கள் தங்கள் கட்டடத்தை விட்டு வெளியேறிப் பள்ளிக்கூடம், பனியன் கம்பெனி, கிராமத்துச் சாவடி என்று ஏன் அலைகிறார்கள் என்பதற்கான விடையும் இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

மாலை போட்டவருக்கு என்னவெல்லாம் மாறுகிறது என்று பாருங்கள். வேட்டியின் நிறம் மாறுகிறது. விடியுமுன் குளியல். கூப்பிடும் பெயரே மாறிவிடுகிறது; மனைவியும் முதலாளியும் ஒரே போல "சாமி" என்கிறார்கள். சாயங்காலமானால் பஜனை. கூடப் படுப்பது குருசாமியின் ஆட்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது "வா மாப்ள" என்று தோளில் கை போட்டவன், மாலையைப் பார்த்ததும் ஒதுங்கிப் போகிறான். பக்தி ஒருபக்கம் இருக்கட்டும். நாற்பத்தெட்டு நாளைக்கு அந்த மனிதரைச் சுற்றியிருந்த தெருவையே யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள்.

தெருவுக்கும் போதைக்கும் அப்படி என்ன சம்பந்தம்? நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளின் மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக அளந்தார். முதலில் பழச்சாறு நாக்கில் பட்டதும் அந்த அணுக்கள் துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகோ, விளக்கு எரிந்தவுடனே துடித்தன. சாறு வந்தபோது சும்மா இருந்தன. மூளை கணக்கு வைத்துக்கொள்வது இன்பத்தை விட, இன்பம் வரப்போகிறது என்ற சைகையைத்தான். சோமனூரில் தறி ஓட்டுபவருக்கோ திருப்பூரில் கட்டிங் மாஸ்டருக்கோ அந்த விளக்கு என்னவாக இருக்கும்? சம்பளக் கவர், ஷிப்ட் முடிந்த சங்கு, மூலையில் பொரிக்கிற சில்லி சிக்கன் வாசம். குடிக்குமுன்பே மூளை குடிக்கத் தொடங்கிவிடுகிறது.

இதைவிட வியப்பானது கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷெப்பர்டு சீகல் 1982இல் வெளியிட்ட ஆய்வு. எலிகளுக்கு ஹெராயின் கொடுத்துப் பழக்கி, பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய அளவைக் கொடுத்தார்கள். வழக்கமாக மருந்து பெற்ற அறையிலேயே பெற்ற எலிகளில் மூன்றில் ஒரு பங்கு இறந்தன. அதே அளவை வேறு அறையில் பெற்ற எலிகளில் மூன்றில் இரண்டு பங்கு இறந்தன. மருந்து ஒன்றுதான், பழக்கமும் ஒன்றுதான். அறை மட்டும் வேறு. தெரிந்த அறைக்குள் நுழைந்ததுமே உடல் வரப்போகும் விஷத்துக்கு எதிராகத் தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது. அந்தத் தயாரிப்பு நடந்து, விஷம் மட்டும் வராமல் போனால்? கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வேர்க்கும். மாதக்கணக்கில் குடியை விட்டிருந்தவர் பழைய கடைவாசலைக் கடக்கும்போது உணர்கிற அந்தத் தவிப்பின் ஒரு பகுதி இதுதான்.

மனிதர்களிலேயே பெரிய அளவில் இதைப் பார்க்க ஒரு போர் வாய்ப்புக் கொடுத்தது. 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாகி இருந்தார். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களைத் தொடர்ந்து பார்த்தார். அங்கே அடிமையாகி இருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதமே. பலர் இந்த எண்ணை நம்ப மறுத்தார்கள். ஊரில் ஹெராயின் சுலபமாகக் கிடைக்கவில்லை, போரின் பயம் இல்லை என்று பல காரணங்கள் உண்டு. ஆனாலும் அந்தச் சிப்பாய் பழகிய இடத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார் என்பதும் ஒரு பெரிய காரணம். நம்மூர் நோயாளிக்கு நேர் எதிர். முப்பது நாள் மையத்தில் இருந்து தேறியவர், பழகிய இடத்துக்கேதான் திரும்பி வருகிறார்.

அமெரிக்காவில் 2000இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, சிகிச்சை முடித்தவர்களில் 40 முதல் 60 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் மறுபடி தொடுகிறார்கள் என்றது. இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகளில் நோய் மீள்வதும் ஏறக்குறைய இதே அளவுதான் என்றும் சேர்த்துச் சொன்னது. ஆகவே மையத்தை நடத்துகிறவர் கொஞ்சம் யோசிக்கத் தெரிந்தவராக இருந்தால், சில ஆண்டுகளிலேயே அவருக்கு இது பிடிபட்டுவிடும்: பாதி நோய் கட்டிலில் படுத்திருக்கிறது, மீதி பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கிறது.

அடுத்தது எண்ணிக்கை. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக எடுத்து 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களில் 2.7 சதவீதம் பேர் மதுவுக்கு அடிமை நிலையில் இருக்கிறார்கள், சுமார் 2.9 கோடிப் பேர். அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் எந்தவிதச் சிகிச்சையோ உதவியோ பெற்றதாகச் சொன்னார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். இந்தத் தேசிய சராசரியைக் கோவை மாவட்டத்துக்கு ஒரு பேச்சுக்குப் பொருத்திப் பார்ப்போம். 2011 மக்கள்தொகை 34.58 லட்சம், அந்த வயதுக்காரர்கள் 29 லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 78,000 பேர். முப்பது படுக்கை கொண்ட மையம், ஆளுக்கு ஒரு மாதம் என்றால் ஆண்டுக்கு 360 பேரைப் பார்க்கலாம். புதிதாக ஒருவரும் அடிமையாகாவிட்டால்கூட வரிசை தீர இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு எந்த மருத்துவரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்க முடியாது.

தமிழ்நாட்டில் இப்படிக் கதவைத் திறந்து வெளியே போவதை முன்னரே செய்து பார்த்தவர்கள் சென்னைக்காரர்கள். சாந்தி ரங்கநாதனின் கணவர் டி.டி. ரங்கநாதன் 1979இல் குடியால் இறந்தார். பெரிய தொழில் குடும்பம். பணத்துக்குக் குறைவில்லை, போய்ச் சேர்க்க ஏற்ற இடம்தான் இல்லை. அடுத்த ஆண்டே அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார் சாந்தி. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள ஹேசல்டன் நிலையத்தில் பயிற்சி பெற்றுவந்து, டிடிகே மருத்துவமனையை வளர்த்தார். 1992இல் பத்மஸ்ரீ. இவ்வளவும் பலருக்குத் தெரியும்.

பலருக்குத் தெரியாதது, இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் அவர்கள் நடத்திய முகாம்கள். சென்னைக்கு வந்து ஒரு மாதம் தங்கு என்றால் விவசாயக் கூலியால் முடியாது. ஒரு மாதக் கூலி போனால் அடுப்பு எரியாது. அதனால் மருத்துவமனை மஞ்சக்குடிக்குப் போனது. ஊர்க்காரர்கள் இடம் கொடுத்தார்கள், ஆதரவு கொடுத்தார்கள். சுமார் இரண்டு வாரம் முகாம், உடன் குடும்பத்தாருக்கும் ஆலோசனை, பிறகு மாதந்தோறும் தொடர்ந்து பார்ப்பது. அந்த அனுபவத்தைச் சாந்தி ரங்கநாதன் 1994இல் சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். செலவு குறைவு என்பது அதில் ஒரு செய்தி. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. முகாமில் இருபது, முப்பது பேர் ஒரே வட்டாரத்துக்காரர்களாக இருக்கும்போது, முகாம் முடிந்து வீடு திரும்புகிறவர் தனியாள் இல்லை. சுற்று ஊர்களில் கூடக் குடியை விட்டவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். ஊர்ப் பெரியவர்களுக்கும் விஷயம் தெரியும். மாலை போட்டவருக்குக் குருசாமி செய்துகொடுத்ததை இங்கே ஊரே செய்துகொடுத்தது.

கொங்கு நாட்டில் கதை தலைகீழாக நடந்திருக்கிறது. இங்கே மருத்துவம் வருமுன்பே பிரசாரம் வந்துவிட்டது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது பெரியார் தம் தோப்பில் ஐநூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியலில் நின்றார்கள். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925இல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். அங்கிருந்து மதுவிலக்குக்காகவே ஒரு மாத இதழ் வந்தது, பெயர் 'விமோசனம்'. அதில் அவருக்கு உதவியாக இருந்த இளைஞர்தான் பிறகு கல்கி என்று நாடறிந்த கிருஷ்ணமூர்த்தி. முதலமைச்சரானதும் ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைத் தொடங்கிய மாவட்டமும் இந்தப் பக்கத்துச் சேலம்தான். கள்ளுக்கடை மூடினால் மட்டும் போதாது, சாயங்காலத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்ற யோசனை அப்போதே இருந்தது. விளையாட்டு, பஜனை, சிக்கனச் சங்கம் என்று முயன்றார்கள்.

அந்தக் காலத்து முயற்சியில் இல்லாதது மருத்துவம். நீண்டகாலம் நிறையக் குடித்த மூளை, மதுவின் மயக்கத்தை ஈடுகட்டத் தன் தூண்டும் சுற்றுகளை முடுக்கி வைத்திருக்கும். மது சட்டென்று நின்றால் முடுக்கம் மட்டும் மிஞ்சும்: நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் மாயத் தோற்றங்களும். சிலர் இறந்தும் போவார்கள். மாலை போடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது வராது. காலையில் எழுந்தவுடன் கை நடுங்கி, அரைக் குவார்ட்டர் ஊற்றினால்தான் நிற்கிறது என்கிற ஆளுக்கு வரும். அவர் மாலை போடுவதாக இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்க்கவேண்டும். கிராமத்துக்குப் போகும் குழு சொல்லவேண்டிய முதல் செய்தி இது. "குடிக்காதே" என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

இனிப் பிள்ளைகள். அமெரிக்காவில் 1997இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 15 வயதுக்குள் குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்தினர் வாழ்நாளில் என்றாவது அடிமை நிலையை எட்டியிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது 10 சதவீதம். சீக்கிரம் தொடங்குகிற பிள்ளைகளின் வீட்டுச் சூழலும் மரபணுவும் வேறாக இருக்கலாம். முழுப் பழியையும் வயதின் மேல் போட முடியாது. ஆனாலும் தன்னை அடக்கிக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முதிர்கிறது, ஆசையைத் தூண்டும் பகுதி பதின்வயதிலேயே முழு வேகத்தில் ஓடுகிறது என்பதோடு சேர்த்துப் பார்த்தால், ஐந்தாண்டு தள்ளிப்போடுவதே பெரிய வைத்தியம். கோவைப் பள்ளி ஆசிரியர்களுக்கு இப்போதைய தலைவலி பாட்டிலைவிட, உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் கூல் லிப் என்ற புகையிலை. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே வைத்துக்கொள்ளலாம், வாசமும் வராது. கல்லூரி வயதில் இன்னொன்று. டபென்டடால் என்ற வலி மாத்திரையைச் சலைனில் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் வழக்கம் குறித்து மாநகரப் போலீஸ் அடிக்கடி வழக்குப் பதிகிறது. அது அபின் வகை மருந்து. மாத்திரையை உருட்டச் சேர்க்கும் தூள்கள் இரத்தக்குழாயை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் கல்லீரலைத் தின்னும் கிருமி தொற்றும். அந்தப் பையனுக்குப் பதினைந்து ஆண்டு கழித்து மையத்துக்கு வரும் அவகாசமெல்லாம் இல்லை. கோவைப் போலீஸ் 2022இல் கல்லூரிகளுக்கென்று 'போலீஸ் அக்கா' திட்டத்தைக் கொண்டுவந்ததற்கும் பள்ளிகளில் போதை எதிர்ப்பு மன்றங்கள் வந்ததற்கும் பின்னால் இந்த அவசரம் உண்டு.

மன்றமும் உறுதிமொழியும் பலன் தருமா என்று கேட்டால், தனியாக நின்றால் தராது என்பதே என் எண்ணம். 1983இல் லாஸ் ஏஞ்சலிஸில் போலீஸ்காரர்களை வகுப்பறைக்கு அனுப்பும் திட்டம் ஒன்று தொடங்கி அமெரிக்கா முழுக்கப் பரவியது. 1990களில் அதை அளந்து பார்த்தவர்கள், அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். அழுகிய நுரையீரல் படத்தைக் காட்டினால் பதினாறு வயதுப் பையன் பயப்படுவான், சாயங்காலம் மறந்துவிடுவான். ஐஸ்லாந்து வேறு வழி பிடித்தது. 1998இல் அங்கே 15–16 வயதினரில் 42 சதவீதத்தினர் முந்தைய ஒரு மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள். பிள்ளைகளை விளையாட்டிலும் இசையிலும் சேர்க்க அரசு பணம் கொடுத்தது. பெற்றோர்கள் ஒன்றுகூடி, இரவு இத்தனை மணிக்கு மேல் வெளியே விடுவதில்லை என்று பேசிவைத்துக்கொண்டார்கள். 2016இல் அந்த 42 வெறும் 5 ஆகிவிட்டது. சிறிய நாடு, காசுள்ள நாடு. அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. ஆனால் சாயங்காலத்தை நிரப்புவது என்ற சங்கதி சேலம் மாவட்டத்தில் அதற்கு அறுபது ஆண்டு முன்பே பேசப்பட்டதுதானே.

மையங்கள் வெளியே வருவதற்கு அவ்வளவு உயர்வில்லாத காரணங்களும் உண்டு. மத்திய அரசின் போதைத் தடுப்புத் திட்டத்தில் தங்கிச் சிகிச்சை தரும் மையத்துக்கு ஒரு நிதி, தெருவோர இளைஞர்களைத் தேடிப்போகும் மையத்துக்கு ஒரு நிதி, பதின்வயதுப் பிள்ளைகளிடையே அவர்கள் வயதினரைக் கொண்டே வேலை செய்வதற்கு ஒரு நிதி என்று தனித்தனித் தலைப்புகள் இருக்கின்றன. பணம் இருக்கும் பக்கம் வேலையும் சாயும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்குக் கட்டிலில் படுத்த நோயாளியைவிட, பேனர் பிடித்து நிற்கும் மாணவர் கூட்டம் படத்துக்கு அழகாக இருக்கும். சில தனியார் மையங்களுக்குப் பள்ளிச் சொற்பொழிவு என்பது காசு கொடுக்காமல் செய்யும் விளம்பரம். பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அதே குழு அதே தெருவுக்கு ஆறு மாதம் கழித்தும் வருகிறதா என்பதுதான்.

வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோவாவில் நல்ல சான்று கிடைத்தது. பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், நிறையக் குடிக்கும் 377 ஆண்களை வைத்துச் செய்த பரிசோதனை. 2017இல் லான்செட் இதழில் வெளியானது. ஆலோசனை சொன்னவர்கள் டாக்டரும் அல்ல, உளவியல் படித்தவர்களும் அல்ல. அதே ஊரில் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த சாதாரண ஆட்கள். அதிகபட்சம் நான்கு சந்திப்பு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதத்தினர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். ஆலோசனையும் பெற்றவர்களில் 36 சதவீதத்தினர். பத்துப் புள்ளிதான் வித்தியாசம், ஆனால் படுக்கை தேவைப்படாத பத்து. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பார்க்க வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண்கள் அதே வாசலில் இதையும் கேட்கப் பழகினால் எப்படி இருக்கும் என்று தோன்றுகிறது.

அந்த வாசலில் அவர்களிடம் கேட்கப்படும் கேள்வி என்னவாக இருக்கும் என்பதும் தெரிந்ததே. "அவுங்களுக்குத் தெரியாமச் சோத்துல கலந்து குடுத்துப் போடலாமுங்களா?" குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம் என்று பஸ்ஸின் முதுகிலும் சுவரிலும் எழுதியிருக்கும் விளம்பரம் வளர்த்த கேள்வி இது. இங்கே கலக்கப்படுவது பல சமயம் டைசல்ஃபிராம். ரப்பர் பதப்படுத்தும் தொழிற்சாலையில் இதை ஒத்த பொருளின் தூசியில் வேலை செய்தவர்களால் குடிக்க முடியாமல் போனதை 1937இலேயே ஒரு மருத்துவர் குறித்திருந்தார். 1940களின் இறுதியில் டென்மார்க்கில் அது மருந்தானது. மது உடலில் சிதையும் வழியில் அசிட்டால்டிஹைடு என்ற விஷம் தோன்றி மறையும். இந்த மருந்து அதை மறையவிடாது. முகம் சிவந்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் சரிந்துபோகும். தெரிந்து சாப்பிட்டவர் பயந்து குடிக்காமல் இருப்பார். அங்கேதான் அது மருந்து. தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போல் முழு குவார்ட்டரையும் இறக்குவார். பலவீனமான இதயம் என்றால் அத்தோடு முடிந்தது.

கலக்காதே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டால் அந்தப் பெண் நாளைக்குக் கலக்கத்தான் செய்வார். அவருக்குச் செய்ய வேறு வேலை கொடுக்கவேண்டும். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் 1999இல் வெளியான ஒரு பரிசோதனை, சிகிச்சைக்கு வரவே மாட்டேன் என்கிற குடிகாரர்களின் வீட்டாருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தது. எல்லோரும் கூடி நேருக்கு நேர் கண்டிக்கும் முறையில் 30 சதவீதத்தினர் சிகிச்சைக்கு வந்தார்கள். வீட்டாருக்கான ஆதரவுக் கூட்டம் மட்டும் என்றால் 13 சதவீதம். இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64. சொல்லிக்கொடுத்தது கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஏறியிருக்கும்போது சண்டைக்குப் போகாதே, விடிந்து தெளிந்தபின் பேசு. குடிக்காத சாயங்காலம் வீட்டில் இருந்தால் அந்த நேரத்தை நல்லபடியாக ஆக்கு. காய்ச்சல் என்று சூப்பர்வைசருக்குப் பொய் சொல்லி அவர் குடியை மறைக்காதே. கை ஓங்கினால் எங்கே போவது என்று முன்பே முடிவு செய்து வை. அவரே நொந்துபோய் "விட்டர்லாம்னு இருக்கேன்" என்று சொல்லும் காலை எப்போதாவது வரும். அன்றைக்கு எந்த மருத்துவமனை, எந்த டாக்டர், எத்தனை மணி பஸ் என்பதெல்லாம் கையில் இருக்கவேண்டும். தெரியாவிட்டால் மத்திய அரசின் இலவச எண் 14446இல் கேட்டு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். கடை திறக்குமுன், பகல் பன்னிரண்டுக்குள் கிளம்பிவிடுவது நல்லது. சனிக்கிழமையாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.